எட்டாவது கட்டம்

மூன்றாவது சுற்றிலும் ஒருவரும் ஒரு கட்டம்கூட நகரவில்லை. எட்டுப் பூதங்களும் நான்கு வீரர்களும் துணியின் நடுவில் ஒரே குவியலாக, பஸ் கதவில் முண்டியடிக்கிற கூட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவராகப் பகடையை எடுத்து உருட்டினார்கள். "பட்டுச்சு." "படல." "பட்டுச்சு." அவ்வளவுதான். லிப்ட் என்கிறவன் மேசைக்கு அடியில் கைபேசியை வைத்துக்கொண்டு யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தான். டீச்சர் கொட்டாவி விட்டாள். வாயைப் பொத்தக்கூட இல்லை. பல்லு ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியை, அதில் இன்றுதான் ஏதோ புதிதாக முளைத்திருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கதையை நடத்துகிறவன் கிடங்கு. இந்தச் சண்டைக்காக நான்கு நாள் உட்கார்ந்து படம் போட்டிருந்தான். ஆற்றின் மேல் ஒரு பாலம், இடிந்த சுவர், ஏறி நிற்கப் படிகள் என்று எல்லாம் இருந்தன. பாலத்தை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன், நான் அங்கே போகிறேன் என்று சொல்லி ஆடுகிற ஆட்டம் அது. நினைத்தது முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். சண்டை வந்தால் மட்டும் கட்டம் போட்ட துணியை விரிப்பார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதியம் மூன்று மணிக்கு, பல்லு வைத்திருந்த பல் செட் பட்டறையின் மாடி அறையில் கூடுவார்கள். அலமாரி முழுக்க யார் யாருடைய தாடைகளோ பிளாஸ்டரில் வாயைத் திறந்துகொண்டிருக்கும். அளவு தவறிப்போன கடைவாய்ப்பற்கள்தான் பூதங்கள். லிப்ட் மின்தூக்கி பழுது பார்ப்பவன். அவன் கழற்றிக்கொண்டு வந்த பழைய பொத்தான்கள் வீரர்கள். மேலே போகும் அம்பு அவனுடையது. மூன்று என்று எழுதியது பல்லுவுடையது. கதவு திறக்கும் பொத்தான் டீச்சருடையது. டீச்சர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வாரம் முழுக்க அடுத்தவர் காலை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் இரக்கம் காட்டுவதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். கதை நடத்துகிறவனைக் கிடங்கு என்று கூப்பிட்டார்கள். சரக்குக் கிடங்கில் தூக்கு வண்டிகள் எந்த வழியாக நுழைந்து எந்த முனையில் திரும்ப வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதுவது அவன் வேலை.

நான்காவது ஆட்டக்காரி அவனுடைய அக்கா. அவளுக்குப் பொத்தான் போதாமல் போனதால் தையல் மெஷின் பாபின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். துணியும் அவள் தைத்ததுதான். ஒரு அங்குலத்துக்கு ஒரு கட்டம், நீளவாக்கில் இருபத்து நான்கு, அகலவாக்கில் இருபத்து நான்கு. அளந்து பார்த்தபோது ஒரு கட்டம்கூட நூல் அளவு பிசகவில்லை.

"அக்கா, உங்க முறை," என்றார் பல்லு.

"என் முறையா? சரி. இப்ப நான் என்ன பண்ணணும்?"

"அடிக்கலாம். மருந்து போடலாம். நகரலாம்."

"இந்தப் பூதம் ஏன் என்கிட்ட கோவமா இருக்கு? நாம இதோட வீட்டுக்குள்ள வந்துட்டோமோ?"

"அக்கா..." என்றான் லிப்ட், தலையைத் தூக்காமல்.

"இல்ல தம்பி, கேட்டுக்கறேன். அதுக்கும் ஒரு காரணம் இருக்கும்ல." அவள் பாபினிலிருந்து டீச்சரின் பொத்தான்வரை வாய்விட்டு எண்ணினாள். நிற்கிற கட்டத்தையே ஒன்று என்று தொடங்கினாள். இரண்டு வருடமாக அப்படித்தான் எண்ணினாள். இரண்டு வருடமாக யாராவது ஒருவர், "அதை எண்ணக் கூடாதுக்கா," என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று யாரும் சொல்லவில்லை. திருத்துகிற அலுப்புக்கு எண்ணட்டுமே என்று விட்டுவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்து அக்கா தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது லிப்ட் அவனைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போனான். "கிடங்கு, நேரா சொல்றேன், கோச்சுக்காதே. நானும் டீச்சரும் பேசிக்கிட்டோம். இப்படியே போனா நாங்க நின்னுக்கறோம்."

"சண்டை விதியை மாத்தறேன். நகர்ற மாதிரி பண்றேன். ரெண்டு வாரம் குடு."

"விதி மட்டுமில்ல." லிப்ட் குரலை இறக்கினான். "உங்க அக்கா நல்லவங்கதான். யாரு இல்லைன்னா? ஆனா பூதத்துக்கு வீடு எங்க, பூதம் சாப்பிட்டுச்சான்னு கேட்டுக்கிட்டு... ஒரு சுற்றுல பாதி நேரம் அவங்களுக்கே போவுது. நீதான் சொல்லணும். நாங்க சொன்னா நல்லாருக்காது."

அவன் தலையாட்டினான். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பூதத்துக்குக் குட்டிகள் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நான்கு நிறுத்தங்கள். நான்கிலும் அவன் அந்த வாக்கியத்தை மனதுக்குள் கூட்டினான். அக்கா, அடுத்த வாரத்திலேருந்து நீ வர வேண்டாம். சின்ன வாக்கியம்தான். 'வர வேண்டாம்' கடுமையாக இருந்ததால் 'வரலைன்னா பரவாயில்ல' என்று மாற்றினான். அப்படிச் சொன்னால் அவள், "இல்ல, எனக்கொண்ணும் சிரமமில்ல, வர்றேன்," என்பாள் என்று தெரிந்திருந்தது. இறங்கும் இடம் வந்துவிட்டது.

நாற்பத்தொரு வயது அவளுக்கு. துணிக்கடையில் அளவு திருத்தும் பிரிவில் வேலை. வாங்கிய கால்சட்டை நீளமாக இருந்தால் அவளிடம் அனுப்புவார்கள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, வருகிறவர்களின் காலடியில் முட்டி போட்டு, மடித்து மடித்துக் குத்துவாள். வாய் நிறைய ஊசி இருப்பதால் யாரும் அவளிடம் பேசுவதில்லை. அவள் நிமிர்வதற்குள் கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் நான்கு பேர் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, அவள் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்கள். காத்திருக்க வேண்டியிருந்ததால் காத்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று அவன் பல தடவை யோசித்திருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலமே அவள் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவாள்.

அவனுக்கும் வேறு இடம் கிடையாது. கிடங்கில் அவன் போடும் கட்டங்களை ஒருவரும் பாராட்டியதில்லை. வண்டிகள் மோதாத வரைக்கும் அவனை நினைக்கவே மாட்டார்கள். மாடி அறையில் அவன் "கதவு மெதுவா திறக்குது" என்று சொன்னால் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அது போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கோடு போட்ட நோட்டை எடுத்துத் திங்கட்கிழமையே உட்கார்ந்தான். ஏன் யாரும் நகரவில்லை என்பதை முதலில் எழுதினான். பழைய விதிப்படி, பக்கத்துக் கட்டத்தில் பூதம் இருக்கும்போது நீங்கள் விலகினால் பூதத்துக்கு ஓர் அடி இலவசம். புத்தி உள்ள எவனும் விலக மாட்டான். அதை அடித்துவிட்டு, முதல் விதி என்று போட்டு, விலகுவதற்குத் தண்டனை இல்லை என்று எழுதினான். இரண்டாவது, உயரமான கட்டத்தில் நின்று அடித்தால் பகடையில் இரண்டு கூடுதல். மூன்றாவது, அடிப்பதற்குப் பதிலாக ஒரு கட்டம் தள்ளலாம். பின்னால் பள்ளமோ ஆறோ இருந்தால் தள்ளப்பட்டவன் பாடு அவ்வளவுதான். இதையெல்லாம் யாரும் யோசித்திருப்பார்கள் என்று அவனுக்கே தோன்றியது. நான்காவது விதிக்கு மூன்று நாள் ஆயிற்று. சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களிலும் கூட்டாளி ஒருவர்கூட இல்லாமல் நிற்பவர் தனியாள். பூதங்கள் முதலில் தங்களுக்கு மிகப் பக்கத்தில் நிற்கிற தனியாளைத்தான் தேடிப் போகும். தனியாள் பக்கம் திரும்பிய பூதத்தின் முதுகு மற்றவர்களுக்குத் தெரியும். முதுகில் அடிப்பவர்களுக்கு இரண்டு பகடை. ஒருவர் தனியாகிவிட்டால் மற்றவர்கள் பதறி ஓடி வந்து சேர்வார்கள், மேசையில் ஓட்டமும் பாய்ச்சலுமாக இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதினான். நினைத்தது அதுதான் என்பதில் பிற்பாடு அவனுக்குச் சந்தேகம் வந்தது.

வியாழக்கிழமை அக்கா கடையிலிருந்து வருமுன், நான்கு பேருடைய கையையும் தானே ஆடி ஒத்திகை பார்த்தான். எல்லோரும் சேர்ந்தே நின்றால் ஜெயிக்கப் பதினொரு சுற்று. ஒருவரைத் தனியாக விட்டுவிட்டு மூவரும் முதுகில் அடித்தால் ஐந்து சுற்று. தனியாள் நான்காவது சுற்றில் செத்துப்போவார். திரும்ப ஆடினான். அதே ஐந்து. யார் தனியாவார் என்பதையும் பார்த்தான். மற்றவர்கள் ஒரு முறைக்கு ஆறு கட்டம் போகலாம். மருந்துப் பையைச் சுமக்கிற வைத்தியச்சி நான்கு கட்டம்தான் போக முடியும். வைத்தியச்சி அக்காவுடைய பாத்திரம். அவர்கள் விலகினால் அவளால் எட்டிப் பிடிக்க முடியாது.

ஐந்தாவது விதி என்று போட்டான். தனியாளை விட்டு விலகிப் போனவருக்கு இரண்டு பகடை கிடையாது. இந்த ஒரு வரியில் எல்லாம் சரியாகிவிடும். பேனாவை மூடி வைத்தான். பிறகு திறந்து, அந்த வரியின் மேல் அளவுகோலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தான். விதிகள் அதிகமானால் ஆட்டக்காரர்கள் குழம்புவார்கள். நான்கு நல்ல எண்ணிக்கை என்று ஓரத்தில் காரணமும் எழுதி வைத்தான். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து செத்தால் அவளே சலித்துப்போய், "எனக்கு இது ஒத்து வரலடா," என்று சொல்லிவிடுவாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்றில் எல்லோரும் பழக்கதோஷத்தில் ஒட்டி நின்றார்கள். இரண்டாவது சுற்றில் டீச்சர் படியின் மேல் ஏறினாள். மூன்றாவதில் லிப்ட் ஒரு பூதத்தை ஆற்றில் தள்ளிவிட்டு, "போச்சு! போச்சு!" என்று கத்தினான். கைபேசி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. பிறகு டீச்சர் நான்காவது விதியை மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னாள். அவன் படித்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு துணியைப் பார்த்தாள். "அப்போ," என்றாள், "நாம போய்ச் சேரணும்னு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல," என்றான் அவன்.

அவள் பொத்தானை வைத்தியச்சியின் பக்கத்திலிருந்து ஆறு கட்டம் தள்ளி வைத்தாள். பல்லுவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவர் இன்னொரு மூலைக்குப் போனார். லிப்ட் கடைசியாகப் போனான். போகும்போது, "மன்னிச்சுக்கோங்க அக்கா, அவசர வேலை," என்றான். எட்டில் மிச்சமிருந்த ஏழு பற்களும் பாபினைச் சுற்றிக்கொண்டன. அக்கா தன் முறையில் டீச்சரை நோக்கி நான்கு கட்டம் போனாள். டீச்சர் ஆறு கட்டம் விலகினாள். அக்கா பல்லுவை நோக்கித் திரும்பினாள். பல்லு பாலத்தைத் தாண்டினார். அவள் ஒட்டப் போக, அவர்கள் விலக, நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வைத்தியச்சி செத்த அடுத்த சுற்றில் பூதங்கள் ஒழிந்தன. மூன்று பேரும் கையைத் தட்டிக்கொண்டார்கள். இரண்டு வருடத்தில் அந்த அறையில் அப்படியொரு சத்தம் கேட்டதில்லை.

அக்காவும் கை தட்டினாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "என்னைய மட்டும் தேடித் தேடி வந்தாங்களே, பாத்தியாடா?" என்று பஸ்ஸில் கேட்டாள். "அத்தனை பேரும் என்கிட்டயே!"

அடுத்த வாரம் செத்தவளுடைய தங்கை வந்தாள். அவளும் வைத்தியச்சிதான். அதற்கடுத்த வாரம் சின்னம்மா. அதற்கும் அடுத்து, வெளியூரிலிருந்து துக்கம் விசாரிக்க வந்த நாத்தனார். ஒவ்வொருத்திக்கும் என்ன வயது, என்ன கவலை, எந்தக் காலில் வலி என்று வாரம் முழுக்க யோசித்து வைத்துக்கொண்டு வருவாள்.

"இந்தக் குடும்பத்துல இன்னும் எத்தனை பேருக்கா மிச்சம்?" என்று லிப்ட் கேட்டான்.

"பெரிய குடும்பம், தம்பி. நீ கவலைப்படாதே."

மேசை வெடித்துச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். யாரும் இப்போது அவள் பேச்சை நிறுத்தவில்லை. சாகப்போகிறவளின் கதையைச் சண்டைக்கு முன் கேட்பது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. எத்தனையாவது சுற்றில் போவாள் என்று ஆளுக்கொரு எண்ணைச் சொல்லி வைப்பார்கள். தோற்றவர் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வர வேண்டும். அவளும் ஒரு எண்ணைச் சொல்வாள். எப்போதும் கொஞ்சம் பெரிய எண்ணாகச் சொல்லி, எப்போதும் அவளே பிஸ்கட் வாங்கினாள்.

அந்த உத்திக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. டீச்சர்தான் வைத்தாள். அக்கா வைக்கிறது. "இன்னிக்கு எங்க அக்கா வைக்கலாம்? பாலத்துலயா, கிணத்தடியிலயா?" என்று படத்தைப் பார்த்ததும் கேட்பார்கள். கொஞ்ச நாளில் அது மேசையை விட்டு இறங்கி வெளியேயும் நடமாடத் தொடங்கியது. தன்னிடம் படித்தவன் தேர்வில் தோற்றதற்கு முதலாளி எல்லோர் முன்னாலும் தன்னைக் கைகாட்டிவிட்டதை டீச்சர் சொல்லும்போது, "என்னை அக்கா வச்சுட்டாங்கப்பா," என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்கா கோப்பைகளை எடுக்கப் போயிருந்தாள்.

ஆனால் அது அவள் காதுக்கும் போயிருந்தது. வீட்டில் கேட்டாள். "அக்கா வைக்கிறதுன்னா என்னடா அது?"

அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "முன்னால நின்னு தாங்கறது," என்றான்.

"அப்படியா!" என்றாள். மறுநாள் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள். பட்டுத் துணியை யாரோ கிழித்துவிட்டார்கள். வாங்கியவள் வந்து குதித்தாள். புதிதாகச் சேர்ந்த பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "நீ உள்ள போடி, நான் அக்கா வச்சுக்கறேன்னு சொல்லிட்டு நானே போய் நின்னேன். வாய்ல ஊசிகூட இல்ல. எவ்வளவு திட்டு தெரியுமா!" அவள் கண்கள் பளபளத்தன. அவன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றான். அன்று நோட்டில் எழுத உட்கார்ந்தான். தேதியைப் போட்டான். அதற்கு மேல் போகவில்லை.

ஏழாவது வாரம், ஒரு சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்தபோது அக்கா தரையில் துணியை விரித்திருந்தாள். சட்டைப் பொத்தான்களையும் ஹுக்குகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, முட்டி போட்டு ஆடிக்கொண்டிருந்தாள். பகடையை உருட்டித் தாளில் குறித்துக்கொண்டிருந்தாள். எண்ணும்போது நிற்கிற கட்டத்தை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டத்தை ஒன்று என்று சரியாகத் தொடங்கினாள். அதை எப்போது, யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இங்க வா. உக்காரு. ஒண்ணு காட்டறேன்." நான்கு பொத்தான்களை நிறுத்தினாள். "நான் தனியா நின்னா அஞ்சு சுற்று. நான் செத்துடறேன். சரியா? எல்லாரும் ஒரே இடத்துல நின்னா பதினொண்ணு. அது இழுவை, டீச்சரம்மா தூங்கிடுவாங்க. இப்ப பாரு." இரண்டு பொத்தான்களைப் படியின் மேல் ஏற்றினாள். மூன்றாவதைத் தன் பொத்தானுக்குப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தாள். "ரெண்டு ரெண்டு பேரா நின்னா ஏழு சுற்று. ஒருத்தரும் சாக வேண்டாம். நான் ஒம்போது தடவை ஆடிப் பாத்துட்டேன். ரெண்டு சுற்றுதான்டா கூட. யாராச்சும் ஒருத்தர் என் பக்கத்துல வந்து நின்னா போதும்."

அவன் தாளைப் பார்த்தான். ஒன்பது ஒத்திகைகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. கணக்கில் பிழை இல்லை. அவனுக்கு இது தட்டுப்படவே இல்லை; ஐந்து என்ற எண் வந்ததும் தேடுவதை நிறுத்திவிட்டான்.

"அவங்களுக்கு இது தெரியலபோல," என்றாள் அக்கா. "தெரிஞ்சா வந்துருப்பாங்க. நீ சொல்லிடாதே. நானே சொல்றேன்."

"சரி," என்றான்.

"நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு."

ஞாயிற்றுக்கிழமை படியேறும்போது லிப்ட் பின்னாலிருந்து அவன் தோளில் கை போட்டான். அக்கா முன்னால் போய்விட்டிருந்தாள். "கிடங்கு, அன்னிக்கு நான் ஏதோ உளறினேன்ல, அதெல்லாம் மறந்துடு. அக்கா இல்லாம நம்ம ஆட்டம் ஏது? அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லாம போனாக்கூட ஆட்டோ வச்சு நானே கூட்டிட்டு வருவேன்." அவன் சிரித்தான். சிரித்தது சரியா என்று யோசிப்பதற்குள் மாடி வந்துவிட்டது.

அக்கா துணியை விரித்தாள். உட்காரவில்லை. இஸ்திரி போட்ட சட்டையின் கை மடிப்பை நீவிக்கொண்டு, "ஒரு விஷயம் சொல்லட்டுமா?" என்றாள். சொன்னாள். தாளை நடுவில் வைத்தாள். அவசரமில்லாமல், கட்டம் கட்டமாக, பூதத்துக்கு வீடு எங்கே என்றெல்லாம் கேட்காமல் சொன்னாள். பல்லு தாளை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் படித்தார். டீச்சர் அவனைப் பார்த்தாள். அவன் பூதங்களை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தான்.

"கணக்கு சரியாத்தான் இருக்குக்கா," என்றார் பல்லு. குரல் வறண்டிருந்தது.

"நல்ல யோசனைதான்," என்றாள் டீச்சர். "பாக்கலாம்."

"எட்டுப் பூதம்," என்றான் அவன். "நடுவுல முற்றம், வடக்கால படி. யாரு முதல்ல?"

பல்லு முதலில். மூன்றாம் எண் பொத்தானை எடுத்தார். பாபினுக்குப் பக்கம் போக இரண்டு கட்டம் போதும். பொத்தானைக் கட்டைவிரலால் தேய்த்தார், ஏதோ அழுக்கு ஒட்டியிருப்பதுபோல. பிறகு படியின் மேல் கொண்டுபோய் வைத்தார். "உயரத்துல ரெண்டு கூட," என்றார், யாரும் கேட்காமலே.

"சரி சார், நீங்க மேல. அதான் கணக்கு. இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களே," என்றாள் அக்கா.

லிப்ட் தன் பொத்தானைத் தூக்கினான். "வரட்டுமாக்கா?"

"வா தம்பி."

"நிஜமாவே வரட்டுமா?" பொத்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டங்களில் குதித்து வந்தது. பாபினுக்குப் பக்கத்தில் டக்கென்று உட்கார்ந்தது. அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். அவள் முகத்தில் வந்ததை அவன் அதற்கு முன் எங்கும், வீட்டில்கூட, பார்த்ததில்லை. லிப்ட் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. மூன்று எண்ணும் நேரம் அப்படியே வைத்திருந்தான். "சும்மா!" என்றான். மூன்று, இரண்டு, ஒன்று என்று பின்னால் குதித்து, முற்றத்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். பல்லு சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல், இருமினார். கொஞ்சம் பிந்தி அக்காவும் சிரித்தாள்.

டீச்சர் சீக்கிரம் முடித்துவிட்டாள். கதவு திறக்கும் பொத்தானை ஒரே வீச்சில் படிக்குத் தள்ளினாள். "சாரிக்கா. அடுத்த சுற்று பாக்கலாம்." சொல்லும்போது அக்காவைப் பார்க்கவில்லை, பகடையைப் பார்த்துச் சொன்னாள்.

இனி அக்காவின் முறை. வழக்கம்போல யாரையாவது நோக்கி நான்கு கட்டம் ஓடுவாள் என்று எல்லோரும் தயாராக இருந்தார்கள். லிப்ட் பிஸ்கட் பந்தய எண்ணைக்கூடச் சொல்லிவிட்டான்: "நாலு." அக்கா பாபினைத் தொடவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்க, அதற்கு வலப்பக்கத்துக் கட்டத்தில் ஆள்காட்டி விரலை ஊன்றினாள்.

"நகரலையாக்கா?" என்றார் பல்லு.

"இல்ல சார். நான் போனா நீங்க போயிடறீங்க. அதனால இங்கயே நிக்கறேன். இந்த இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன். யாருக்கு முடியுதோ வாங்க."

கீழே பட்டறையில் யாரோ எதையோ ராவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் யாருக்கோ அவசரமாகப் பல் வேண்டியிருந்தது.

இப்போது பூதங்களின் முறை, அதாவது அவனுடைய முறை. கதை சொல்கிறவன் எது வேண்டுமானாலும் சொல்லலாம். மழை வந்தது, தரை பிளந்தது, பூதங்களின் தலைவன் ஏதோ ஊதினான், எல்லாம் திரும்பிப் போயின. அவன் வாயைத் திறந்தான். லிப்ட் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தான். பல்லுவின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது. டீச்சர் இரண்டு பகடையையும் இப்போதே உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் அவனைத்தான் பார்த்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"பூதங்களுக்குத் தனியாள் வாசம் வந்துடுச்சு," என்றான்.

முதல் பல்லைப் பாபினுக்கு இடப்பக்கம் வைத்தான். இரண்டாவதை மேலே. மூன்று, நான்கு, மூலைகளில். ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொன்றையும் கட்டத்தின் நடுவில், கோடு தொடாமல் வைத்தான். கையில் ஒரு கடைவாய்ப்பல் மிச்சமிருந்தது. துணியில் ஒரே ஒரு கட்டம் மிச்சமிருந்தது. அதில் அவள் விரல் இருந்தது.

"அக்கா, கையை எடு. அங்க பூதம் வரணும்."

அவள் துணியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். "நீதான் வைக்கணுமா?"

"என் முறைதானே."

"அது தெரியுது," என்றாள். விரலை எடுக்கவில்லை.

லிப்ட் கொக்கரித்தான். "இது எந்த விதியில இருக்கு?" டீச்சர், "உஷ்," என்றாள். அவன் கையை நீட்டிப் பல்லை அவளுடைய நகத்தின் மேல் வைத்தான். கனமில்லாத, உள்ளே பொத்தலான பிளாஸ்டிக் பல். விட்டதும் ஒரு பக்கம் சாய்ந்தது, ஆடியது, பிறகு நின்றுவிட்டது. ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அந்த விரல் கொஞ்சமும் அசையவில்லை. மூன்று பேரும் குனிந்து, மூச்சு விட்டால் விழுந்துவிடும் என்பதுபோல, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிப்ட் மெல்லிய குரலில் எண்ண ஆரம்பித்தான்.